நீரை அளந்த சட்டமும் மனிதரை மறந்த பதிவேடும்



நினைவுச் சொற்பொழிவு என்றதும் இலக்கியம் பற்றியோ விடுதலை இயக்க வரலாறு பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேசப்போவது ஒரு நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை அரசு எப்படி ஆய்வு செய்கிறது என்பதைப் பற்றி. இதுவும் நம் வரலாறுதான். நம் ஆட்களின் உடல் வழியாக எழுதப்பட்ட வரலாறு. ஆனால் அந்த உடல்களைப் பதிவு செய்யாமலே எழுதப்பட்ட வரலாறு.

இந்த நாட்டில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தை இரண்டு சட்டங்களின் கீழ் ஆய்வு செய்ய வேண்டும். ஒன்று, 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம். நிலையத்திலிருந்து வெளியேறும் நீர் எப்படி இருக்கிறது என்று அது கேட்கிறது. இன்னொன்று, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டின் சட்டம். உள்ளே யாரை இறக்கினாய் என்று அது கேட்கிறது. ஒரே வாசல், ஒரே வளாகம். ஆனால் இந்த இரண்டு கேள்விகளும் ஒரே பதிவேட்டில் எழுதப்படுவதில்லை. இந்தப் பிளவு எப்படி வந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

தீட்டும் மாசும்

மகாத்திலிருந்து தொடங்குகிறேன். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் சவுதார் குளத்துக்கு நடந்து சென்று தண்ணீர் அருந்தினார்கள். அதன்பின் சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் 'சுத்திகரித்தார்கள்'. பாலும் தயிரும் மாட்டுச் சாணமும் கோமியமும் 108 பானைகளில் எடுத்துவந்து குளத்தில் கொட்டினார்கள். இந்தக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை இன்றைய ஆய்வாளரின் கண்ணோடு ஒருமுறை பார்க்கச் சொல்கிறேன்.

கழிவுநீரின் வீரியத்தை அளக்கப் பயன்படும் முதன்மையான அளவுகோல் பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. நீரில் கிடக்கும் கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் தின்று சிதைக்கும்போது எவ்வளவு ஆக்சிஜனை உறிஞ்சுகின்றன என்பதே இந்தக் கணக்கு. ஆக்சிஜன் தீர்ந்தால் மீன் சாகும், நீர் நாறும். ஒரு நகரத்தின் பச்சைச் சாக்கடையில் லிட்டருக்குச் சுமார் 200 முதல் 300 மில்லிகிராம் பி.ஓ.டி. இருக்கும். பாலில் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ ஒரு லட்சம். பால் உணவு, ஆனால் குளத்தில் கொட்டினால் அது சாக்கடையைவிடப் பல நூறு மடங்கு வீரியமுள்ள மாசு. சாணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம் மக்கள் குனிந்து ஒரு கை நீர் அள்ளிக் குடித்ததால் அந்தக் குளத்தில் ஒரு மில்லிகிராமும் கூடவில்லை. சுத்தம் செய்கிறோம் என்று வந்தவர்கள்தான் அதை மாசுபடுத்தினார்கள். மாசுக்கு அலகு உண்டு. தீட்டுக்கு அலகு இல்லை; அதற்கு ஆள் மட்டுமே உண்டு. அந்தக் குளத்து வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிய 1937 மார்ச் 17 வரை ஆனது. தீர்ப்பு நம் பக்கம் வந்தது.

நவீன அரசு வந்தது, அறிவியல் வந்தது, அலகும் வந்தது. தீட்டு அதோடு ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. அலகு நீருக்குப் போனது. தீட்டு, சாக்கடைக்குள் இறங்குகிறவரிடமே நின்றுவிட்டது.

எண் பிறந்த கதை

பிரிட்டனில் 1898இல் கழிவுநீர் அகற்றல் பற்றிய அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் எட்டாவது அறிக்கை 1912இல் வந்தது. ஆற்றில் விடப்படும் சுத்திகரித்த கழிவுநீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 30 மில்லிகிராம், பி.ஓ.டி. 20 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டக் கூடாது என்று அது சொன்னது. ஆற்றில் அதைப் போல எட்டு மடங்கு நல்ல நீராவது ஓட வேண்டும் என்பது அதோடு சேர்ந்த நிபந்தனை. உலகத்தின் பல நாடுகள் பின்னால் வகுத்துக்கொண்ட வரம்புகளுக்கு இந்த எண்களே முன்மாதிரி. இரண்டே ஆண்டுகளில், 1914இல், மான்செஸ்டரைச் சேர்ந்த ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் காற்றூட்டிய கசடு முறையை அறிவித்தார்கள். கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தி, நுண்ணுயிர்க் கசடை வளர்த்து, அதைக் கொண்டே அழுக்கைத் தின்னவைக்கும் முறை. இன்றும் நம் நகரங்களின் பெரிய நிலையங்கள் பலவற்றில் இயங்குவது இதுவே.

அங்கும் சாக்கடைக்குள் மனிதர்கள் இறங்கினார்கள். ஆனால் இன்ன சாதியில் பிறந்தவர்தான் இறங்க வேண்டும் என்ற விதி அங்கே இல்லை. இங்கே நாம் குழாயை வாங்கினோம், எண்ணை வாங்கினோம். பி.ஓ.டி. சோதனையை அங்கே ஏறத்தாழ 18 டிகிரி வெப்பத்தில் ஐந்து நாள் வைத்துச் செய்வார்கள். நம் நாட்டு வெப்பத்தில் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும் என்பதால் 27 டிகிரியில் மூன்று நாள் என்று மாற்றிக்கொண்டார்கள். எண்ணைக்கூட நம் ஊர் வெயிலுக்கு ஏற்பத் திருத்தினார்கள். இறங்குகிற ஆளை மட்டும் மாற்றவில்லை.

சென்னையைப் பாருங்கள். நகரத்தின் பாதாள சாக்கடை 1910ஐ ஒட்டி வடிவமைக்கப்பட்டது. 1961இல் மக்கள்தொகை 6.6 லட்சமாக இருக்கும் என்று கணித்து அதற்கேற்பக் குழாய் போட்டார்கள். 1961 கணக்கெடுப்பு வந்தபோது நகரத்தில் 17 லட்சம் பேர் இருந்தார்கள். குழாய் தாங்குமா? அடைத்துக்கொண்டது. அடைப்பு என்பது திட்டமிடலின் தோல்வி. அந்தத் தோல்வியைச் சரிசெய்யப் புதுக் குழாய் போட வேண்டும், இயந்திரம் வாங்க வேண்டும், பணம் செலவாகும். ஆளை இறக்கினால் ஒரு நாள் கூலியோடு முடிந்தது. குழாயின் கொள்ளளவில் இருந்த பற்றாக்குறையை அருந்ததியர் உள்ளிட்ட தலித் மக்களின் உழைப்பால் இட்டு நிரப்பியே இந்த நகரம் வளர்ந்தது.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 1949இல் பம்பாய் அரசு பார்வே குழுவை அமைத்தது. 1957இல் மல்கானி குழு. கருவிகளை மாற்ற வேண்டும், தலைச்சுமையை ஒழிக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைகள் வந்தன. பரிந்துரை வந்தது, சட்டம் வரவில்லை. சட்டம் முதலில் வந்தது நீருக்குத்தான்.

ஆய்வாளர் என்ன பார்க்கிறார்

1974இல் நீர்ச் சட்டம் வந்தது. தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியம் 1982இல் அமைந்தது. இந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி இசைவாணை இல்லாமல் யாரும் கழிவுநீரை வெளியேற்றக் கூடாது. தனியார் ஆலைக்கு மட்டுமல்ல, மாநகராட்சிக்கும் குடிநீர் வாரியத்துக்கும் இது பொருந்தும். 23ஆம் பிரிவு ஆய்வாளருக்கு உள்ளே நுழையும் அதிகாரம் தருகிறது. 21ஆம் பிரிவு மாதிரி எடுக்கும் முறையைச் சொல்கிறது: நிலையப் பொறுப்பாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, கையொப்பம் வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த முறை தவறினால் அந்தச் சோதனை முடிவு நீதிமன்றத்தில் சான்றாக நிற்காது.

மாணவர்கள் இந்த ஆய்வைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். நல்ல ஆய்வாளர் வெளியேறும் குழாயில் ஒரு குப்பி நீர் பிடித்துக்கொண்டு திரும்பிப் போக மாட்டார். உள்ளே வரும் நீரிலிருந்து தொடங்குவார். பிளாஸ்டிக்கையும் துணியையும் தடுக்கும் சல்லடைக் கம்பிகள், மணல் படியும் தொட்டி, முதல் படிவுத் தொட்டி, காற்றூட்டுத் தொட்டி, இரண்டாம் படிவுத் தொட்டி, குளோரின் கலக்கும் தொட்டி, கசடு செரிக்கும் கலன் என்று வரிசையாக நடப்பார். காற்றூட்டுத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் நீர் எடுத்து அரைமணி நேரம் அசையாமல் வைத்து, கசடு எந்தக் கோடு வரை படிகிறது என்று பார்ப்பார். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவிலாவது இருக்கிறதா என்று பார்ப்பார்.

அதைவிட முக்கியம் மின்மானி. காற்றூட்டும் இயந்திரம்தான் நிலையத்தில் மிக அதிகமாக மின்சாரம் தின்பது. இரவில் அதை நிறுத்திவிட்டுப் பகலில் ஓட்டினால் மின் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நேரத்தில் எடுத்த ஒற்றை மாதிரி ஏமாற்றும். 24 மணி நேரமும் இடைவெளி விட்டு எடுத்துச் சேர்த்த கூட்டு மாதிரி ஏமாற்றுவது கடினம். வந்த நீரின் அளவும் போன நீரின் அளவும் பொருந்தவில்லை என்றால், எங்கோ ஒரு மாற்றுக் குழாய் வழியாகப் பச்சைச் சாக்கடை ஆற்றுக்குப் போகிறது என்று பொருள். இத்தனை நுட்பமானது இந்த ஆய்வு. இதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. கூவமும் அடையாறும் நாறுவதன் முதல் சுமை அவற்றின் கரையில் வாழும் நம் மக்கள் தலையில்தான் விழுகிறது.

வரம்பு எவ்வளவு என்பதைப் பற்றியும் நீண்ட போராட்டம் நடந்திருக்கிறது. 1986 சுற்றுச்சூழல் விதிகளின் பொது வரம்பில் ஆற்றில் விடும் நீருக்கு பி.ஓ.டி. 30. 2017 அக்டோபர் அறிவிக்கையில் பெருநகரங்களுக்கு 20, மற்ற இடங்களுக்கு 30. 2019 ஏப்ரல் 30 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10 என்று கடுமையாக்கியது. முப்பதா, இருபதா, பத்தா என்று நிபுணர் குழுக்கள் வாதிட்டன. நல்லது. ஆனால் உள்ளே இறக்கப்படும் மனிதர்களின் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும் என்ற ஒரு வரம்பு இந்த அறிவிக்கைகள் எதிலும் இல்லை.

மத்திய மாசு கட்டுப்பாடு வாரியம் 2021இல் நாடு முழுதும் உள்ள சுத்திகரிப்பு நிலையங்களைக் கணக்கெடுத்து அறிக்கை வெளியிட்டது. நகரங்களில் ஒரு நாளில் உருவாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். நிறுவப்பட்ட கொள்ளளவு 31,841. உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 20,235. விதிகளுக்கு இணங்கிய கொள்ளளவு 12,197 மட்டுமே. அதாவது ஆறில் ஒரு பங்கு. அந்த அறிக்கையின் அட்டவணைகளில் கொள்ளளவு, தொழில்நுட்பம், இணக்கம் என்று பத்திகள் உண்டு. எத்தனை பேர் உள்ளே இறக்கப்பட்டார்கள், எத்தனை பேர் திரும்பி ஏறவில்லை என்ற பத்தி இல்லை.

பதிவேட்டில் இல்லாத இடங்கள்

சுத்திகரிப்பு நிலையம் என்பது அந்த வளாகம் மட்டும் அல்ல. வீட்டுக் கழிவறையில் தொடங்கி, தெருவின் ஆள்நுழைவுக் குழிகள் வழியாக, கழிவுநீர் உந்து நிலையங்கள் வழியாக அங்கே வந்து சேரும் வலைப்பின்னல் முழுவதும் சேர்ந்ததுதான் அது. குழியில் அடைப்பு. உந்து நிலையத்தின் கிணற்றில் மோட்டாரைத் துணி சுற்றிக்கொண்டது. சல்லடைக் கம்பியில் குப்பை சிக்கியது. மணல் தொட்டி நிரம்பிவிட்டது. இந்த ஒவ்வொரு இடத்திலும் இயந்திரம் செய்ய வேண்டிய வேலைக்கு மனிதரை இறக்கும் பழக்கம் இருக்கிறது. பெருநகர அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தளத்தில் இருக்கும் சிறிய சுத்திகரிப்பு நிலையங்களும் இதே கதைதான்.

அங்கே என்ன நடக்கிறது? காற்று புகாத இடத்தில் தேங்கிய மலக்கசடு அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகிறது. காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். சிறிய அளவில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு பத்து லட்சத்தில் நூறு பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் இடத்தில்தான் சாவு காத்திருக்கிறது. அளவு இன்னும் கூடினால் சில மூச்சுகளிலேயே ஆள் சரிந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்கும் அண்ணனோ தம்பியோ சக தொழிலாளியோ அவர் மேலேயே விழுவார். ஒரே குழியில் இரண்டு, மூன்று பேர் என்று நாம் படிக்கும் செய்திகளின் பின்னணி இதுதான். 'விஷவாயு தாக்கி பலி' என்று தலைப்புப் போடுகிறார்கள். கொன்றது வாயு என்று எழுதிவிட்டால், இறக்கியவர் வாக்கியத்திலிருந்தே தப்பித்துவிடுகிறார்.

2023 ஜூலை 19 அன்று உத்தரகாண்டின் சமோலியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அலக்நந்தா ஆற்றங்கரையில் நமாமி கங்கே திட்டத்தின் கீழ் கட்டப்பட்ட சுத்திகரிப்பு நிலையம் அது. அங்கே பணியிலிருந்த ஊழியர் ஒருவர் இரவில் இறந்துபோனார். காலையில் விசாரணைக்குக் காவலர்கள் வந்தார்கள், ஊர்மக்கள் கூடினார்கள். அப்போது நிலையத்தில் மின்சாரம் பாய்ந்தது. மொத்தம் 16 பேர் இறந்தார்கள். அங்கே கொன்றது வாயு அல்ல, மின்சாரம். பாடம் ஒன்றுதான். வெளியேறும் நீரை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு, அந்த நீரைச் சுத்தம் செய்கிறவர் நிற்கும் இடம் தெரிவதில்லை. ஒரு தொழிலாளியின் சாவு கடைசிச் சாவாக இருக்க வேண்டிய இடத்தில் அது முதல் சாவாக ஆனது.

இரண்டாவது சட்டம்

மனிதருக்கான சட்டம் 1993இல் வந்தது. நீருக்கு வந்து 19 ஆண்டுகள் கழித்து. அதுவும் உலர் கழிப்பிடங்களைப் பற்றித்தான் பேசியது. பாதாள சாக்கடையைத் தொடவில்லை. பெசவாடா வில்சனும் சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் தோழர்களும் 2003இல் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2013 டிசம்பர் 6. அண்ணலின் நினைவு நாள். அதன் 7ஆம் பிரிவு, சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் அபாயகரமான முறையில் ஆளை வேலைவாங்குவதைத் தடை செய்கிறது.

'அபாயகரமான' என்ற சொல்லைக் கவனியுங்கள். பாதுகாப்புக் கருவிகள் கொடுக்காமல் இறக்குவதே அபாயகரமானது என்று சட்டம் வரையறை சொல்கிறது. கையுறையும் முகமூடியும் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டால் ஒரு கதவு திறந்துவிடுகிறது. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு, கையால் மலம் அள்ளுவதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று நாடாளுமன்றத்தில் சொல்ல முடிந்தது எப்படி? சாக்கடையில் இறந்தவர்களை 'அபாயகரமான சுத்தம்' என்ற வேறு தலைப்பில் வைத்ததால்தான். அந்தத் தலைப்பின் கீழ் 2019 முதல் 2023 வரை 377 பேர் இறந்ததாக அதே அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் கணக்குக் கொடுத்தது.

தண்டனையை ஒப்பிட்டுப் பாருங்கள். நீரை மாசுபடுத்தினால், 1988 திருத்தத்துக்குப் பின், ஒன்றரை ஆண்டுக்குக் குறையாமல் ஆறு ஆண்டு வரை சிறை. ஆளைச் சாக்கடைக்குள் இறக்கினால், முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குறைந்தபட்ச தண்டனை என்று எதுவும் இல்லை. நீரை மாசாக்குவது மனிதரைச் சாகவிடுவதைவிடப் பெரிய குற்றம் என்று சட்டப் புத்தகமே எழுதி வைத்திருந்தது. 2024இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், அதை ஏற்கும் மாநிலங்களில், நீர் மாசுக் குற்றங்கள் பலவற்றுக்கும் சிறையை நீக்கி 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக்கிவிட்டது. மனிதருக்கான தண்டனையை நீருக்கு இருந்த அளவுக்கு உயர்த்துவார்கள் என்று பார்த்தால், நீருக்கானதையும் கீழே இறக்கினார்கள்.

நீதிமன்றங்கள் ஓரளவு நகர்ந்திருக்கின்றன. 2014 மார்ச் 27 தீர்ப்பு, 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பு அதை 30 லட்சமாக்கியது. 2025 ஜனவரியில் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் ஆளை இறக்குவதை நிறுத்தும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இழப்பீடு செத்தபின் வருவது. நமக்குத் தேவை சாவுக்கு முன் வரும் ஆய்வாளர்.

பெயர் மாற்றத்துக்கு மட்டும் குறைவில்லை. 2020இல் தமிழ்நாட்டில் துப்புரவுப் பணியாளர் தூய்மைப் பணியாளர் ஆனார். அதே ஆண்டு, 'மேன்ஹோல்' என்பதை 'மெஷின்ஹோல்' என்று அழைக்கப்போவதாக ஒன்றிய அரசு சொன்னது. ஆனால் 2024இல் வெளியான அரசின் சொந்தக் கணக்கெடுப்பில், சாக்கடை, மலத்தொட்டித் தொழிலாளர்களாகப் பதிவான சுமார் 38,000 பேரில் 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 92 விழுக்காடு. குழியின் பெயர் மாறியது, இறங்குகிறவரின் சாதி மாறவில்லை.

ஒரே பதிவேடு

சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. 2019 முதல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாளொன்றுக்கு 45 மில்லியன் லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, மணலி, திருப்பெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். சாக்கடை நீருக்கே இன்று விலை வந்துவிட்டது. அதை அங்கே கொண்டுசேர்க்கும் குழாயில் இறங்குகிறவரின் உயிருக்கு மட்டும் இன்னும் ஒப்பந்தக்காரர் வைத்த கூலிதான்.

தோழர்களே, நம் கோரிக்கை எளிமையானது. இரண்டு ஆய்வுகளும் ஒன்றாக வேண்டும். காற்றூட்டும் இயந்திரத்துக்குத் தனி மின்மானி வை என்று இசைவாணையில் நிபந்தனை போட முடிகிற அரசுக்கு, இந்த நிலையத்திலும் இதன் குழாய்களிலும் ஆளை இறக்கியதில்லை என்று மாதந்தோறும் உறுதிமொழி கொடு, ஜெட்ராடிங் இயந்திரம் ஓடிய நேரக் கணக்கைக் காட்டு, வாயு அளக்கும் கருவியைக் காட்டு என்று கேட்க முடியாதா? 2013 சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி நியமிக்கப்பட வேண்டிய ஆய்வாளரும் மாசு கட்டுப்பாடு வாரியத்தின் பொறியாளரும் ஒரே நாளில், ஒரே வாசலில் நுழைய வேண்டும். பொய்ச் சான்று கொடுத்த அதிகாரியும் ஒப்பந்தக்காரரும் ஒரே வழக்கில் நிற்க வேண்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. சட்டத்தின் 24ஆம் பிரிவு மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் மாவட்டத்தில் அது எப்போது கூடியது, என்ன பேசியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் ஊர் நிலையத்தின் இசைவாணையையும், மின் கணக்கையும், இயந்திரக் கணக்கையும், ஒப்பந்தப் பத்திரத்தையும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் இயந்திர வாடகை என்று காசு வாங்கியிருப்பார்கள். இயந்திரம் ஓடிய கணக்கு இருக்காது. அந்த இடைவெளியில்தான் நம் ஆள் இறக்கப்பட்டிருப்பார். இந்தச் சட்டத்தின் குற்றங்கள் பிணையில் விடமுடியாதவை என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. காவல் நிலையத்தில் 'விபத்து' என்று எழுதவிடாதீர்கள். அந்தப் பிரிவைச் சொல்லி எழுத வையுங்கள்.

பொறியியலும் வேதியியலும் படிக்கும் நம் பிள்ளைகள் நாளை மாசு கட்டுப்பாடு வாரியத்தில் ஆய்வாளராகப் போக வேண்டும். காற்றூட்டுத் தொட்டியின் ஆக்சிஜனை அளக்கும் அதே கையால், உந்து நிலையக் கிணற்றின் ஏணியில் ஈரமான காலடித் தடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெளியேறும் நீரை அளந்து வந்திருக்கிறோம். இனி எந்த நிலையத்துக்கும் விதிகளுக்கு இணங்கியது என்று சான்று எழுதும் முன், உள்ளே ஒருவரையும் இறக்கவில்லை என்பதையும் அதே தாளில், அதே கையொப்பத்தின் கீழ் எழுத வேண்டும். எழுத முடியாத நிலையத்துக்குச் சான்று இல்லை.